இறங்காத கவளம்

பணிமனையில் அவரைப் பெரியவண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருக்கையைப் பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் ஸ்டீயரிங் வயிற்றில் வந்து உரசும். திருப்பத்தில் அவர் கையால் வளைப்பது பாதி, வயிற்றால் வளைப்பது பாதி என்று மெக்கானிக்குகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். "ரெண்டு ஆள் வேலை பாக்குறேன், சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத் தர்றாங்க" என்பார். பயந்தவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கொட்டுகிற மழையில் பாலத்தின் இறக்கத்தில் வழுக்கிய வண்டியை ஒரு கீறல் இல்லாமல் ஓரங்கட்டிவிட்டு, இறங்கிப் போய் டீ குடித்தவர்.

சாப்பாட்டிலும் அதே வேகம். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் டப்பாவைத் திறந்து, மூடி கீழே விழுவதற்குள் பாதியைக் காலி செய்துவிடுவார். மெல்லுவது பல் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று ஒரு கொள்கையே வைத்திருந்தார். கல்லைத் தின்றாலும் கரைகிற வயிறு என்று அவருடைய அக்கா பெருமையாகச் சொல்லுவாள்.

அந்த வயிற்றின்மேல் கை வைக்க நேர்ந்தது ஒரு சிவப்பு விளக்கினால். காலை நெரிசலில் சந்திப்பில் வண்டியை நிறுத்தியவர், பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. முன்சீட்டுப் பெண் ஒருத்தி எட்டி அவர் தோளைத் தட்டினாள். பெரியவண்டி பிரேக்கில் கால் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார். கால் பிரேக்கில் இருந்தது தெய்வாதீனம்.

பணிமனை மருத்துவர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இரவில் மூச்சு விட்டுவிட்டு வருவதால் தூக்கமே தூக்கமாக இல்லை, அதனால் பகலில் கண் சொக்குகிறது என்றார். சர்க்கரையும் ஏறியிருந்தது. "இப்படியே விட்டா உங்களை ஸ்டீயரிங்ல உட்கார வைக்க என்னால கையெழுத்துப் போட முடியாது. எடையைக் குறைங்க. நீங்களா குறைக்க முடியலன்னா ஆபரேஷன் இருக்கு."

அவர் தானாகக் குறைக்கப் பார்த்தார். நடந்தார், பட்டினி கிடந்தார், மறுவாரம் சேர்த்துவைத்துச் சாப்பிட்டார். கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். வயிற்றின் மேல்பகுதியை ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாகப் பிரித்து, குடலைக் கொண்டுவந்து அதில் நேராகத் தைத்துவிடுவார்கள். மிச்ச வயிறு உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. மருத்துவர் படம் வரைந்து காட்டியபோது பெரியவண்டி, "பைபாஸ் ரோடு போடறீங்க" என்றார். மருத்துவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகள் வகுப்புக்கு உதவியாளர். எதையும் இரண்டாவது தடவை கேட்டுத் தெரிந்துகொள்கிற சுபாவம் அவளுக்கு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு துணிக்கடைக்காரர். அதே நாள், அதே அறுவை சிகிச்சை. வாயாடுவதில் பெரியவண்டிக்குச் சளைத்தவர் இல்லை. "என் கடையில எனக்கே சைஸ் கிடையாது. இதைவிடக் கேவலம் ஒரு வியாபாரிக்கு வேணுமா?" என்பார். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகிற அன்று நம்பர் பரிமாறிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் முடிவதற்குள் மனைவி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அந்தத் துணிக்கடைக்காரர் போயிட்டாராம். அவர் பொண்டாட்டிதான் பேசினாங்க. உள்ள தையல் விட்டு, ஒழுகி, விஷமா பரவிடுச்சாம்."

"எப்படி விட்டுச்சாம்?"

"என்னமோ ரொட்டி சாப்பிட்டாராம். அதுக்கப்புறம்தான் வலின்னு சொன்னாராம். அவங்களுக்கும் சரியா தெரியல."

ரொட்டி என்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதுவரை அவர் சூப், மோர், கரைத்த மாவு என்று ஒழுங்காகத்தான் குடித்துவந்தார். பசி என்று ஒன்று பெரிதாக வரவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். உள்ளே ஒரு நூல் இருக்கிறது, அந்த நூலில் தன் உயிர் தொங்குகிறது என்ற நினைப்பு வந்து உட்கார்ந்தது, அதற்குப்பின் எழுந்துபோகவே இல்லை.

திரவத்திலிருந்து மசித்த உணவு, அதிலிருந்து மெல்லிய திட உணவு என்று படிப்படியாக மாறவேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மசித்தது வரை எப்படியோ இறங்கியது. திட உணவுக்கு மாறிய முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, இளைச்சு ஓடாப் போயிட்டியேடா. ஒரு முட்டையும் ஒரு வாய் ரொட்டியும் சாப்பிட்டா குடியா முழுகிடும்?"

தட்டில் ரொட்டி. அவருக்கு அதைப் பார்த்ததுமே துணிக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. ஆனால் அக்கா, மாமா, மகள், மனைவி என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம் என்று வாயால் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. பிய்த்து வாயில் போட்டார். பழைய வேகத்திலேயே விழுங்கினார்.

அது போகவில்லை.

நெஞ்செலும்புக்குப் பின்னால் போய் நின்றது. ஒரு முஷ்டியை உள்ளே வைத்துத் திருகுவதுபோல் வலித்தது. தண்ணீர் குடித்தார், தண்ணீர் அதன்மேல் ஏறி நின்றது. வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறியது, அதையும் விழுங்க முடியவில்லை. நெற்றி வியர்த்தது. மெல்ல எழுந்து, கை கழுவப் போகிறவரைப்போல நடந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளே தையல் ஒவ்வொன்றாகத் தெறிப்பது அவருக்குக் கேட்டது. அப்படி எதுவும் தெறிக்கவில்லை, தெறித்தாலும் கேட்காது. ஆனால் கேட்டது. தன் மகள் கல்லூரி முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு, நுரையோடு அந்தக் கவளம் மேலே வந்து விழுந்தது. முழுசாக, போன மாதிரியே.

முகம் கழுவிவிட்டு வெளியே வந்தார். "என்னடா, இவ்வளவு நேரம்?" என்றாள் அக்கா. "வயிறு நிறைஞ்சிருச்சு" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது அந்த மறைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் சோற்றையே மறைக்கக் கற்றுக்கொண்டார். மனைவி மிருதுவாக வேகவைத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, ஒரு கிண்ணத்தில் வைப்பாள். முதல் இரண்டு வாய் அவள் பார்க்கச் சாப்பிடுவார். அவள் அடுப்பு பக்கம் திரும்பினால் மிச்சம் காகித நாப்கினுக்குள் போய், சட்டைப் பைக்குள் போய், பணிமனைக் குப்பைத்தொட்டியில் விழும். சாப்பிட்ட இரண்டு வாயும் பெரும்பாலும் தங்காது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாந்தி எடுப்பார். கோழிக்கறி நின்றது. வெந்த காய் நின்றது. குழைந்த சோறு முதலில் இறங்கியது, பிறகு அதுவும் நின்றது. நாளாக ஆக நிற்கிறவை கூடிக்கொண்டே போயின. சத்து மாத்திரை பெரிதாக இருந்தது. அது ஒருநாள் வழியில் மாட்டிக்கொண்டு வதைத்தபிறகு, அதுவும் நாப்கினுக்குள் போனது.

மருத்துவமனைக்குத் திரும்பிப் போகவேண்டிய நாள் வந்தது. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னார். உண்மை வேறு. போனால் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்ப்பார்கள். தையல் விட்டிருக்கிறது என்று சொல்லுவார்கள். மறுபடி அந்த அறை, அந்தக் கட்டில், பக்கத்தில் யாரோ ஒருவர்.

வெளியே ஊர் அவரைக் கொண்டாடியது. வேலைக்குத் திரும்பிய அன்று பணிமனையே கூடி நின்று பார்த்தது. "பெரியவண்டி மினி பஸ்ஸா வந்திருக்கு" என்று மெக்கானிக் ஒருவன் சொன்னான். ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம் போல் இடம். இரவில் குறட்டை நின்றது, பகலில் தூக்கம் வரவில்லை. பணிமனை மருத்துவர் முதுகில் தட்டிக் கையெழுத்துப் போட்டார். மனைவி பழைய சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள். தைக்கும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கையில், இனி வாயைத் திறக்க வழியே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அவரோடு போகிற கண்டக்டர் மட்டும் ஒருமுறை கேட்டான். வயதில் இளையவன், பல வருஷமாக ஒரே வண்டி.

"அண்ணே, நீங்க சாப்பிட்டு நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"வீட்லயே முடிச்சுட்டு வந்துடறேன்டா."

"மத்தியானத்துக்கு?"

"எனக்கு இப்ப பசியே கிடையாது. அதுக்குத்தானே ஆபரேஷன்."

அவன் டீ வாங்கிவந்து நீட்டினான். டீ இறங்கியது. திரவம் மட்டும் இன்னும் துரோகம் செய்யவில்லை.

முதலில் கால்தான் சொல்லத் தொடங்கியது. பாதம் எரிந்தது. பிறகு மரத்தது. பிரேக் மிதியின்மேல் கால் இருக்கிறதா என்று கண்ணால் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. செருப்பு புதுசு, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படியிறங்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எடை குறைந்தால் நடை மாறாதா என்றார். ஒரு மாலையில், பணிமனைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரம் தெரிந்தது. கண்ணைக் கசக்கினார். ஒன்றாயிற்று. அன்று இரவு இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்று நினைத்தார். போனால் ஓட்டக்கூடாது என்பார்களோ என்று போகாமலும் இருந்தார்.

அந்தக் காலை மற்ற காலைகளைப் போலத்தான் விடிந்தது. முதல் நடை நிறைய ஜனம். பள்ளிப் பைகள், அலுவலகப் பைகள், ஜன்னலோரத்துக்குச் சண்டை. மேம்பாலம் ஏறும்போது சாலையின் நடுக்கோடு இரண்டாகப் பிரிந்தது.

ஒரு கண்ணை மூடினார். கோடு ஒன்றாயிற்று. திறந்தார், இரண்டு. எதிரே வருகிற லாரி இரண்டு. ஒன்று உண்மை, ஒன்று பொய். எது எது என்று தெரியவில்லை. பாலத்தின் இறக்கத்தில் வேகம் தானாக ஏறியது. கீழே பாதசாரிகள் கடக்கிற இடம். ஒரு பெண் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினாள். அவளுக்கு ஒரு அடி தள்ளி, அவளேபோல இன்னொருத்தி, இன்னொரு குழந்தைவண்டி. இருவருக்கும் நடுவில் வண்டியைக் கொண்டுபோக முடியாது. நடுவில் என்று ஒன்று அங்கே உண்டா என்பதே தெரியாது. அவர் மிதித்தார். மிதித்தது பிரேக்கைத்தானா என்று கால் சொல்லவில்லை. வண்டி சொன்னது. எல்லாரும் முன்னால் சரிய, பைகள் உருள, பேருந்து உறுமி நின்றது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள். அவளுக்கும் பேருந்துக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது.

அவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சாவியைத் திருகி எடுத்தார். கதவுகளைத் திறந்துவிட்டார்.

"அண்ணே, என்ன ஆச்சு?" கண்டக்டர் ஜனத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான்.

"நான் ஓட்டலடா. இந்தா சாவி."

"வண்டியில கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எல்லாரையும் இறக்கி விடு."

பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. நேரமாகிறது என்றார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். அவர் இருக்கையிலிருந்து எழுந்து தரையில் கால் வைத்தார். தரை அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினார். இரண்டு கம்பியில் தப்பான கம்பியைப் பிடித்து, காற்றைப் பிடித்து, படியில் சரிந்து உட்கார்ந்தார்.

"காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான் பாருங்க" என்றார் ஒருவர். "இவனை நம்பி பிள்ளைங்களை ஏத்தி விடறோம்."

இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறார், ஒரு வாய்ச்சொல் வாங்கியதில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் ஒரு பக்கம் இருக்க, அதைவிடப் பெரியதாக ஒன்று உள்ளே எழுந்து நின்றது. தையல் விட்டுவிட்டது, விஷம் தலைக்கு ஏறிவிட்டது. துணிக்கடைக்காரருக்கு வந்த அதே நேரம் இப்போது தனக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

கண்டக்டர் குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தான். பிறகு நிமிர்ந்து, அந்த ஆளைப் பார்த்து, "குடிச்சவன் வண்டியை ஓட்டுவான் சார். நிறுத்த மாட்டான்" என்றான். அவனே ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான்.

அவசரப் பிரிவில் அவரைப் படுக்க வைத்தார்கள். பணிமனையிலிருந்து ஒருவர் வந்து ஊதச் சொல்லி, கருவியில் ஒன்றும் காட்டாததைப் பார்த்துவிட்டுப் போனார். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தாள். அவள் புடவை முந்தானையில் குழந்தைகளின் கலர் பென்சில் கறை. இளம் பெண் மருத்துவர் ஒருவர் விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடரச் சொன்னார். விரல் ஓரத்துக்குப் போனது. கண் பாதியில் நின்றுவிட்டது.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று மருத்துவர் கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "நல்லாத்தான் சாப்பிடறார் டாக்டர். நான்தான் பார்த்துப் பார்த்துச் செஞ்சு குடுக்கறேன். மாத்திரையும் நான்தான் எடுத்து வைக்கிறேன். வாந்தி, கீந்தி எதுவும் கிடையாது."

செவிலி குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். "ரொம்ப வாடிப்போயிருக்கார், ஏத்திடலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

பெரியவண்டி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதுவும் இரண்டாகத்தான் தெரிந்தது. இரண்டு முகத்திலும் ஒரே நம்பிக்கை. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தபோது, மேம்பாலத்தில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சொல் தொண்டையில் நின்றது. பிறகு துப்பிவிட்டார்.

"நான் சாப்பிடல."

"என்னங்க?"

"ரொம்ப நாளா எதுவும் இறங்கல. எல்லாம் வாந்தி. மாத்திரையும் போடல. நீ குடுக்கறதைக் கொண்டுபோய்க் கொட்டிட்டிருந்தேன்."

மருத்துவர் சட்டென்று செவிலி பக்கம் திரும்பினார். "அந்த பாட்டிலை இப்ப ஏத்தாதீங்க. முதல்ல வைட்டமின் ஊசி, அப்புறம்தான் சர்க்கரைத் தண்ணி." பிறகு மனைவியிடம் விளக்கினார். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு விடாமல் வாந்தி இருந்தால் பி-ஒன் என்கிற ஒரு சத்து உடம்பில் வற்றிப்போகும். அது வற்றினால் கண், நடை, மூளை எல்லாம் தடுமாறும். அந்த நிலையில் வெறும் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினால், இருக்கிற துளியும் செலவாகி இன்னும் மோசமாகலாம். "இவர் இப்ப வாயைத் திறந்தது நல்லதாப் போச்சு. கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஞாபகமே போயிருக்கும். சில பேருக்குத் திரும்பறதில்ல."

மனைவி ஊசி ஏறுகிறவரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் போனபிறகு, "தினமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

"குழாயைத் திறந்துவிட்டது அதுக்குத்தானா? தண்ணி பில் ஏன் ஏறுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட போய் சண்டை போட்டுட்டு வந்தேனே நான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

ஊசிகள் தொடர்ந்து ஏறின. வார்டுச் சுவரில் இரண்டாகத் தெரிந்த கடிகாரங்கள் மறுநாளே நெருங்கி வந்தன. அதற்கடுத்த காலையில் ஒன்றாகிவிட்டன. கால் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் வந்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். பெரியவண்டி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"தையல் விட்டிருக்கும், சார். எனக்குத் தெரியும். அந்தத் துணிக்கடைக்காரருக்கு ரொட்டி சாப்பிட்டுத்தானே..."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவர் விஷயத்தை நான் உங்ககிட்ட பேசக்கூடாது. ஆனா பொதுவா ஒண்ணு சொல்றேன். தையல் ஒழுகறதுன்னா பெரும்பாலும் ஆபரேஷன் முடிஞ்ச ஆரம்பத்துல நடக்கும், சாப்பாடு காரணமில்லாமலேயே நடக்கும். இத்தனை மாசம் கழிச்சு ஒரு வாய் ரொட்டியால கிழியாது. உங்களுக்கு ஒழுகியிருந்தா நீங்க இப்படி உட்கார்ந்து என்கிட்ட வாதாடிக்கிட்டிருக்க மாட்டீங்க."

"அப்புறம் ஏன் நிக்குது?"

"அதைப் பார்க்கத்தானே குழாய்."

பார்த்தார்கள். பைக்கும் குடலுக்கும் நடுவில் தைத்த வாய் ஆறும்போது சுருங்கி, பென்சில் முனையளவுக்கு ஆகியிருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும், வேறென்ன போகும்? ஒரு சின்ன பலூனை உள்ளே கொண்டுபோய் ஊதி, மெல்ல விரித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறையும் விரித்தார்கள். சிலருக்கு இப்படி ஆகும், முதல் வாந்தியிலேயே வந்திருந்தால் அன்றைக்கே சரிசெய்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது அதிகம் குத்தியது.

வழி திறந்துவிட்டது. பயம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. வீட்டுக்கு வந்தபிறகும் கரண்டியை வாய்வரை கொண்டுபோவார், பல் இறுகிக்கொள்ளும். மறைத்தபோதாவது இரண்டு வாய் போனது. இப்போது மறைக்க வழியில்லை, சாப்பிடவும் வழியில்லை. சட்டைப் பையைத் துழாவுகிற வேலையை மனைவி செய்யவில்லை. எதிரே உட்கார்ந்து, தன் கிண்ணத்திலும் அவருக்கு வைத்த அளவே வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

ஒருநாள் மாலையில் மகள் முள் நீக்கிய மீனை ஆவியில் வேகவைத்து எடுத்துவந்தாள். மருத்துவமனையில் உணவு ஆலோசகர் சொன்னது அதுதான். காய்ந்த கறியைவிட மீன் எளிது, ஈரமாக இருக்கவேண்டும், கட்டைவிரல் நகம் அளவு, வாயில் கூழாகும்வரை மெல்லவேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. மகள் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள்.

"நீ எங்க போற? நீயும் உட்கார்ந்து சாப்பிடு" என்றார் அவர்.

"நான் அங்கயே நின்னுக்கிட்டுச் சாப்பிட்டுடறேன்ப்பா."

"ஏன்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "உங்க ஆபரேஷன்லேர்ந்து நாங்க ரெண்டு பேரும் அப்படித்தானே சாப்பிடறோம். உங்க முன்னாடி சாப்பிட்டா உங்களுக்கு ஆசையா இருக்கும், கஷ்டமா இருக்கும்னு."

அவருக்கு அது இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. தன் தட்டை மறைப்பதிலேயே முழுக் கவனமும் இருந்தபோது, வீட்டில் மற்ற இருவரும் தங்கள் தட்டை அவரிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். மூன்று பேர் வீட்டில் மூன்று பேரும் திருட்டுத்தனம்.

"உட்காரு" என்றார்.

மகள் தன் சாப்பாட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். அவர் மீனில் ஒரு துணுக்கைக் கரண்டியால் பிரித்தார். வாயில் வைத்தார். நாக்கு மரக்கட்டைபோல் கிடந்தது. மென்றார். மெல்லுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனபிறகும் மென்றார். விழுங்குகிற அந்த நொடியில் கழுவுதொட்டி, நுரை, துணிக்கடைக்காரரின் சிரிப்பு எல்லாம் வந்து நின்றன. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விழுங்கினார்.

மகள் கையில் எடுத்த கவளம் பாதிவழியில் நின்றது.

நெஞ்சுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. நிற்குமோ என்று ஒரு தயக்கம். பிறகு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற ஆள்போல அது போய்விட்டது.

"போச்சா?" என்றாள் மனைவி.

"போன மாதிரிதான் இருக்கு."

"மாதிரின்னா?"

"இரு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்."

பார்த்தார்கள். அது திரும்பி வரவில்லை. ஒரு நாளைக்கு அப்படி நாலு துணுக்கு, பிறகு அரைக் கிண்ணம். முட்டை சில நாள் போனது, சில நாள் முரண்டு பிடித்தது. ரொட்டியை அவர் பிறகு ஒருபோதும் தொடவில்லை. இனி சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஆலோசகர் சொன்னபோதும், "அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லைங்க" என்றுவிட்டார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருந்த இனிப்பை ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு கரண்டி தின்று, நெஞ்சு படபடத்து வியர்த்து ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தார். அக்கா வந்தபோது நேராகவே சொன்னார்: "அக்கா, எனக்குச் சாப்பிடப் பயமா இருக்கு. வற்புறுத்தாதே." தம்பி வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே அப்போதுதான். அதற்குப் பிறகு அவள் வரும்போது சூப் கொண்டுவந்தாள், அதுவும் கேட்டுவிட்டு.

பாதத்தில் உணர்வு மெதுவாகத் திரும்பியது. இடதுகால் விரல்களில் மட்டும் கொஞ்சம் மரப்பு தங்கிவிட்டது. ஓர் ஆண்டுக்குப் பக்கமாக அவர் பணிமனை அலுவலகத்தில் நடைகளுக்கு நேரம் போடுகிற மேசையில் இருந்தார். வண்டிகள் போவதையும் வருவதையும் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். கண் மருத்துவர், நரம்பு மருத்துவர், பணிமனை மருத்துவர் எல்லாரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். அவருக்குத்தான் கை வரவில்லை. ஒரு வாரம் காலி வண்டியைப் பணிமனைக்குள்ளேயே சுற்றினார். கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அந்தக் கோடு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணுடா."

"நான் எத்தனை?"

"நீ ஒருத்தன் இருக்கறதே அதிகம்."

பிறகு சாலைக்குப் போனார். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் இன்றைக்கும் ஒரு கண்ணை மூடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறார். அது தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

மத்தியானம் ஓய்வறையில் மற்றவர்கள் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி, சீட்டுக்கட்டை எடுத்து ஒரு ஆட்டமும் முடித்திருப்பார்கள். பெரியவண்டி மூலையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பார். "நாங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சுருவீங்களா?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லமாட்டார், வாயில் சாப்பாடு இருக்கும்.

போன வாரம் ஒரு துண்டு கோழிக்கறி அவரை ஏமாற்றிவிட்டது. நெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. கண்டக்டர் சீட்டைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்தான்.

"நின்னுடுச்சா அண்ணே?"

"நின்னுடுச்சு. பேசாம இரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் எச்சில் ஊறியது. வெளியே எந்த வண்டியோ பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. மூச்சை மெதுவாக இழுத்து விட்டார், இழுத்து விட்டார். நெடுநேரம் போல இருந்தது. பிறகு அது தானாக நழுவி இறங்கியது.

கிண்ணத்தை மூடி வைத்தார். கைப்பேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"இன்னிக்குக் கோழி நின்னு போச்சு. இறங்கிடுச்சு. சாயங்காலம் சூப் மட்டும் போதும்" என்றார்.

"சரி" என்றாள் அவள். பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. "வலி இருக்கா?"

"இல்ல. பயம்தான் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். வீட்டுக்கு வாங்க."

அடுத்த நடைக்கு மணி அடித்தது. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டிக்குப் போனார்.